மூடி மிஸ்ஸும் கொத்தனார் மகளும்

எங்க வீட்டுல எந்த பாட்டிலுக்கும் மூடி கிடையாது. எண்ணெய் பாட்டில், தண்ணி பாட்டில், இருமல் மருந்து, ஷூ பாலிஷ் டப்பா எல்லாமே வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். "ஏம்மா, மூடி எங்கே?"ன்னு கேட்டா, "முன் ரூம்ல வேலையா இருக்கு"ன்னு பதில் வரும். மூடிக்கு வேலை இருக்காம்! ஆனா நான் விடியக்காலையில எழுந்து போய் பஸ் ஓட்டிட்டு மத்தியானம் வந்து கொஞ்சம் சாஞ்சா மட்டும், "சும்மா தானே இருக்கீங்க, இந்த வெங்காயப் பையோட வலையைக் கிழியாம பிரிச்சுக் குடுங்க"ன்னு கேக்குற வீடு இது.

அப்படிக் கேக்குறவ என் வீட்டுக்காரி. அவ சொந்தப் பேரு இந்தத் தெருவுல யாருக்கும் தெரியாது. மூடி மிஸ்னா தான் தெரியும். வேலைக்குப் போற அப்பா அம்மாங்களோட சின்னப் பிள்ளைங்களை எங்க வீட்டு முன் ரூம்ல வச்சுப் பார்த்துக்கறா. ரெண்டு வயசுல இருந்து நாலு வயசு வரைக்கும் உள்ள வாண்டுங்க. காலையில வந்து இறங்குச்சுன்னா சாயந்தரம் வரைக்கும் அவ பொறுப்பு.

அந்த ரூம்ல முன்னாடி ஒரு சோபா இருந்துச்சு. இப்ப அந்த இடத்துல முட்டி உயரத்துக்கு ஒரு மேசை. சுத்தி குட்டி நாற்காலிங்க. சுவத்துல ஒரு பலகை மாட்டியிருக்கா. அதுல பழைய ஜிப்பு, கொக்கி, தாழ்ப்பாள், வயர் இல்லாத ஸ்விட்சு, சாவியோட ஒரு பூட்டு. மேசை மேல தட்டு தட்டா அரிசி, மணல், பஞ்சு, மரத்தூள். காஞ்ச பட்டாணி நாலு வயசுக்காரங்களுக்கு மட்டும் தான். எதை எடுத்தாலும் வாயில போடுற வயசுக்காரங்க கண்ணுலயே அது படாது. துணி காயப்போடுற கிளிப்பு மொத்தமும் அங்கே தான். பிள்ளைங்க அதைக் கட்டை விரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் அமுக்கி அமுக்கி அட்டை ஓரத்துல மாட்டும். விரலுக்குப் பலம் வருமாம். வரட்டும், நல்லது தான். ஆனா கிளிப்பு இல்லாம காஞ்ச என் யூனிஃபார்ம் சட்டை பக்கத்து மாடிக்குப் பறந்து போயிடுச்சு. அதை நான் போய்க் கெஞ்சி வாங்கிட்டு வரணும்.

எங்க பையன் வெளியூர் வேலைக்குப் போன மறுநாளே அவன் ரூமும் போச்சு. லீவுக்கு வந்தா, மூடி மூட்டையைக் கட்டில்ல இருந்து இறக்கி வச்சுட்டுத் தான் அவன் படுக்கணும்.

இவ ஒண்ணும் மிஸ் ஆகணும்னு கனவு கண்டவ இல்ல. சட்டை தைக்கிற கம்பெனியில கடைசி மேசை இவளோடது. தைச்சு வர்ற சட்டையில தொங்குற நூலை வெட்டி, பட்டனை இழுத்துப் பார்த்து அனுப்பணும். ஒரு நாள் சூப்பர்வைசர் ஏதோ சொல்ல, இவ பதிலுக்கு ஏதோ சொல்ல, வார்த்தை தடிச்சுப் போச்சு. "கொஞ்ச நாள் குழந்தைங்க பின்னாடி ஓடட்டும், கொழுப்பு அடங்கும்"னு சொல்லி அந்த ஆளு இவளைக் கம்பெனியோட குழந்தைங்க காப்பகத்துக்குத் தள்ளி விட்டுட்டான்.

அங்கே போய்ப் பார்த்தா பிள்ளைங்க எல்லாம் பாயில வரிசையா உக்காந்து டிவி பார்க்குதுங்க. மூச்சுச் சத்தம் கூட இல்ல. "எவ்வளவு சமத்துப் பாருங்க"ன்னு அங்கே இருந்த ஆயா பெருமைப்பட்டாங்களாம். இவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கல. "அத்தனை கை இருக்குங்க, ஒரு கையிலயும் ஒண்ணுமே இல்ல"ன்னு அன்னிக்கு வீட்டுக்கு வந்து புலம்பினா. மறுநாளே வெட்டிப் போட்ட துணி, ஓட்டை போட விட்டுப் போன பட்டன், பழுதான ஜிப்பு எல்லாத்தையும் கழிவுக் கூடையில இருந்து அள்ளிட்டுப் போய்ப் பாயில கொட்டிட்டா. டிவியை அவ அணைக்கல. ஆனா அதுக்கப்புறம் அதை யாரும் பார்க்கல. தண்டனை முடிஞ்சுதுன்னு சூப்பர்வைசர் திருப்பிக் கூப்பிட்டப்ப, "நான் இங்கேயே இருந்துக்கறேன் சார், ரொம்ப நன்றி"ன்னுட்டா. அந்த ஆளு மூஞ்சி போன போக்கை நினைச்சா எனக்கு இன்னிக்கும் குளுகுளுன்னு இருக்கும்.

அப்புறம் அதுக்குன்னு ஒரு படிப்பு இருக்குன்னு தெரிஞ்சு, சேர்ந்து படிச்சு முடிச்சா. கம்பெனி வேற ஊருக்கு மாறிப் போனதும், எங்க சோபாவுக்கு நேரம் சரியில்லாம போச்சு.

பெத்தவங்க சில பேரு வந்து சண்டை போடுவாங்க. ஒருத்தர் பேங்க்ல வேலை பார்க்கிறவர். "என்ன மிஸ் இது, இன்னிக்கு என்னடா படிச்சேன்னு கேட்டா, மூடி திறந்தேன்னு சொல்றான்?"னு வாசல்ல நின்னு சத்தம் போட்டாரு.

"திறந்துட்டானா?"ன்னு கேட்டா இவ.

"திறந்துட்டானாம்."

"எந்த மூடி? நீலமா, சின்ன வெள்ளையா?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"சின்ன வெள்ளைன்னா பெரிய விஷயம் சார். அதைத் திருகுற அதே மூணு விரல் தான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப் போகுது. வீட்டுக்குப் போய்க் கேளுங்க."

அந்த மனுஷன் போய்க் கேட்டிருக்காரு. மறுநாள் காலையில, "சின்ன வெள்ளை தான் மிஸ்"ன்னு சொல்லிட்டு, பல்லு தெரியச் சிரிச்சுட்டுப் போனாரு.

இனிமே தான் கொத்தனார் கதை.

எங்க தெரு முனையில ஒரு கிராஸிங் இருக்கு. சிக்னல் கிடையாது, வெள்ளைக் கோடு மட்டும். காலையில என் பஸ் அந்தப் பக்கம் வர்ற நேரத்துல ஒரு ஆளு சின்னப் பொண்ணோட ரோட்டைத் தாண்ட நிப்பாரு. கையைப் பிடிச்சுக்க மாட்டாரு. சட்டைக் கையோட சேர்த்து மணிக்கட்டைக் கவ்விக்கிட்டு, பூனைக்குட்டியை இழுத்துட்டுப் போற மாதிரி இழுத்துட்டுப் போவாரு. தினம் பார்ப்பேன், தினம் எரிச்சல் வரும். ஒரு நாள் அந்தச் சட்டைக் கை அவர் பிடியில இருந்து உருவிக்கிச்சு. பொண்ணு நேரா என் பஸ்ஸுக்கு முன்னாடி ஓடி வந்துடுச்சு.

பிரேக்கை மிதிச்சேன். நின்னுட்டு வந்தவங்க எல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் சரிஞ்சாங்க. பிள்ளைக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கலாம், அவ்வளவு தான் இடைவெளி. கீழே குதிச்சு ஓடினேன்.

"யோவ்! பிள்ளையைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகத் தெரியாதா? நீயெல்லாம் ஒரு அப்பனா?"

அந்த மனுஷன் பதிலுக்குத் திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அவரு பொண்ணை மாரோட சேர்த்து அணைச்சுக்கிட்டு, "பிடிக்க விடமாட்டேங்கறா சார்"னாரு. "உள்ளங்கையில யாரு கை பட்டாலும் துடிச்சுப் போயிடறா. அதுலயும் என் கைன்னா சுத்தமா ஆகல."

தன் கையை விரிச்சுக் காட்டினாரு. கொத்தனார் கை அது. சிமெண்ட் பட்டுப் பட்டு வெடிச்சு, காய்ச்சுப் போய், கோடு எது வெடிப்பு எதுன்னு தெரியாத கை.

"இத்தனை நாள் அவங்க அம்மா இடுப்பை விட்டு இறங்கினதே இல்ல சார். இப்ப அவங்க மாசமா இருக்காங்க, எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் வேலை நடக்கிற இடத்துக்கு நானே இவளைக் கூட்டிட்டுப் போறேன். சீக்கிரமே அடுத்த குழந்தை வந்துடும். அதுக்குள்ள இவ என் கையைப் பிடிச்சு நடக்கப் பழகலைன்னா, நான் எப்படி சார் இவளை ரோட்டுல கூட்டிட்டு வருவேன்? இன்னிக்கு உங்க வண்டி நின்னுடுச்சு." சொல்லிட்டுப் பொண்ணை இன்னும் இறுக்கிக்கிட்டாரு.

பின்னாடி ஹாரன் காதைக் கிழிக்குது. எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போயிடுச்சு. "அதோ, நீல கேட் போட்ட வீடு தெரியுதா தம்பி? அங்கே போங்க. மூடி மிஸ் இருப்பாங்க. டிரைவர் அனுப்பினாருன்னு சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தா அந்தப் பொண்ணு குட்டி நாற்காலியில உக்காந்திருக்கா. மூணு வயசு. ரெண்டு கையையும் இறுக்க மூடி நெஞ்சுக்கிட்ட வச்சிருக்கா. பார்த்த உடனே மொட்டுன்னு பேரு வச்சேன். கை தான் மொட்டு, வாய் ஊரைக் கூட்டும். "இது ஈரம். எனக்கு வேணாம். அதைத் தள்ளி வை. நீங்க யாரு? ஏன் உங்க தலை கறுப்பா இருக்கு, மீசை வெள்ளையா இருக்கு?" இப்படி வந்த முதல் நாளே என் சாயத்தைப் பத்தி விசாரணை.

என் வீட்டுக்காரி அவளை ஒண்ணுமே செய்யச் சொல்லல. மணல் தட்டை அவ முன்னாடி வச்சா. மணலுக்குள்ள கலர் கலரா மூடிங்களைப் புதைச்சு வச்சிருந்தா. பக்கத்துல நீளக் காம்பு உள்ள ஒரு மரக்கரண்டி, ஒரு மஞ்சத் துண்டு. "இந்தத் துண்டு உன்னோடது. எப்ப வேணா கையைத் துடைச்சுக்கலாம். யாரையும் கேக்க வேணாம்"னு மட்டும் சொன்னா.

எனக்குப் பொறுமை ஏது? சமையல்கட்டுக்குள்ள கூப்பிட்டுச் சொன்னேன். "இதுக்கு எதுக்கு இவ்வளவு நீட்டி முழக்குற? கையைப் பிடிச்சு ஒரே ஒரு தடவை மணல்ல வச்சு எடு, பயம் போயிடும். எனக்கெல்லாம் ஆத்துல தூக்கிப் போட்டுத் தான் நீச்சல் கத்துக் குடுத்தாங்க."

"இப்ப நீங்க ஆத்துல இறங்குவீங்களா?"ன்னு கேட்டா.

நான் முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு. இவகிட்ட வாயைக் குடுத்ததே தப்பு.

மொட்டு அந்த நீளக் கரண்டியை நுனியில பிடிச்சுக்கிட்டு மணலைத் தோண்டி மூடி எடுத்தா. கையில ஒரு துளி மணல் படல. அவளுக்கு அது பிடிச்சுப் போச்சு. ரெண்டு மூணு நாள் கழிச்சு என் வீட்டுக்காரி அந்தக் கரண்டியையும் ரம்பத்தையும் என்கிட்ட குடுத்து, "காம்புல ஒரு விரல் அளவு அறுத்துக் குடுங்க"ன்னா. அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக் குடுத்தேன். இன்னும் கொஞ்ச நாள் போனதும் மறுபடி ஒரு விரல். அதே கரண்டி, அதே மணல். காம்பு குறையக் குறைய அந்தப் பொண்ணு கை தானா மணலை நெருங்கி வருது. அவளும் லேசுப்பட்டவ இல்ல, கண்டுபிடிச்சுட்டா.

"மிஸ், கரண்டி ஏன் குட்டியாயிடுச்சு?"

"எவ்வளவு தோண்டியிருக்கு அது! தேஞ்சு போச்சு."

"பாவம்"னுட்டு மறுபடி தோண்ட ஆரம்பிச்சுட்டா.

இதுக்கு நடுவுல வேற விளையாட்டும் உண்டு. ரெண்டு தலகாணிக்கு நடுவுல என் வீட்டுக்காரி பிள்ளையைப் படுக்க வச்சு, "மூட்டை கட்டுறோம், மூட்டை கட்டுறோம்"னு மேல இருந்து நல்லா அழுத்துவா. மொட்டு கெக்கெக்கென்னு சிரிச்சு, "இன்னும் அழுத்து"ம்பா. தொட்டாலே சுருங்குற பொண்ணா இதுன்னு இருக்கும். அப்புறம் டேப்பு. கலர் டேப்பைத் துண்டு துண்டா மேசையில, தட்டுல, நாற்காலியில ஒட்டி வச்சுடுவா. ஓரத்தை நகத்தால கிளப்பி, ரெண்டு விரல் நுனியில பிடிச்சு, கிழியாம உரிக்கணும். அதுல மொட்டுக்கு நிகரா ஆளே இல்ல. எங்க ஃபிரிட்ஜ் மேல கம்பெனிக்காரன் ஒட்டின ஸ்டிக்கரெல்லாம் போச்சு.

ஒரு நாள் கரண்டிக்குக் காம்புன்னு சொல்ல ஒண்ணுமே மிச்சம் இல்ல. தோண்டும்போது அது வழுக்கி, மொட்டோட விரல் நுனி மணலுக்குள்ள போயிடுச்சு. நான் கதவோரமா நின்னு பார்த்துட்டு இருக்கேன். என் வீட்டுக்காரி பக்கத்துல இன்னொரு பிள்ளைக்கு மூக்கு துடைச்சுட்டு இருக்கா, கண்ணு மட்டும் இங்கே. மொட்டு விரலைப் பார்த்தா. துண்டைப் பார்த்தா. துடைச்சா. அப்புறம் அவளா மறுபடி விரலை மணல்ல விட்டா. என் வீட்டுக்காரி அந்த இன்னொரு பிள்ளை மூக்கைத் துடைச்ச துடைப்புல அது வலிக்குதுன்னு கத்திடுச்சு.

அத்தோட நான் சும்மா இருந்திருக்கணும். இருக்கலையே.

கொத்தனார் சாயந்தரம் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வரும்போதெல்லாம் அவ மணல்ல விளையாடுறதைப் பார்ப்பாரு, அப்புறம் தன் கையைப் பார்ப்பாரு. எனக்கு மனசு கேக்கல. ஒரு நாள் டீக்கடைக்குத் தள்ளிட்டுப் போய், "தம்பி, அவ பயம் பாதி போயிடுச்சு. மீதி உங்க கை தான். அதை மெத்துன்னு ஆக்கிட்டோம்னா முடிஞ்சுது கதை"ன்னேன். என் வீட்டுக்காரிக்கு ஒரு ஆச்சரியம் குடுக்கணும்னு ரெண்டு பேரும் கமுக்கமா வச்சுக்கிட்டோம். கையுறை போட்டு வேலை செஞ்சாரு. ராத்திரி எண்ணெய், காலையில கிரீம், குளிக்கும்போது கல்லு வச்சுத் தேய்ப்பு. கூட வேலை பார்க்கிறவங்க, "என்ன மாப்பிள்ளை, கல்யாணம் மறுபடியுமா?"ன்னு ஓட்டித் தள்ளியிருக்காங்க. எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டாரு, பாவம்.

கை மெத்துன்னு ஆச்சு. ஸ்டீயரிங் பிடிக்கிற என் கையை விட மெத்துன்னு ஆச்சு. ஒரு சாயந்தரம் நல்லாக் குளிச்சு, வாசனைக் கிரீமை அப்பிக்கிட்டு, கை பளபளன்னு மின்ன வந்தாரு. மொட்டு முன்னாடி முட்டி போட்டு உக்காந்தாரு. "பாப்பா, அப்பா கை பாரு"ன்னு சொல்லி, அவ கை மேல பட்டும் படாம விரலை வச்சாரு.

ஐயோ, அவ போட்ட சத்தம்! கையை உதறினா. கிரீம் அவ கையில ஒட்டிக்கிச்சு. மஞ்சத் துண்டை எடுத்துத் துடைச்சா, போகல. துடைக்கத் துடைக்கத் துண்டும் பிசுபிசுன்னு ஆயிடுச்சு. அந்தத் துண்டையும் வீசி எறிஞ்சுட்டு மேசைக்கு அடியில போய், ரெண்டு கையையும் மூடி அக்குளுக்குள்ள சொருகிக்கிட்டா. மத்தப் பிள்ளைங்களும் சேர்ந்து அழ ஆரம்பிச்சுது. கொத்தனார் அப்படியே முட்டி போட்டபடி தன் கையை வெறிச்சுப் பார்த்துட்டு இருந்தாரு.

"விடுங்கண்ணே"ன்னாரு கடைசியில. "என் கைக்கு அந்தக் குடுப்பினை இல்ல."

பிள்ளைங்க எல்லாம் போனதுக்கப்புறம் எனக்கு அர்ச்சனை ஆரம்பமாச்சு.

"யாரு குடுத்த யோசனை இது?"

நான் ஃபேனைப் பார்த்தேன்.

"ஃபேன் குடுத்துச்சா? ஏங்க, வழுவழுன்னு, பிசுபிசுன்னு இருக்கிறது தான் அவளுக்கு ஆகவே ஆகாது. அதைக் கடைசிக்குன்னு நான் தள்ளித் தள்ளி வச்சிருக்கேன். நீங்க அதை முதல்ல கொண்டு வந்து நீட்டியிருக்கீங்க! காஞ்சது, சொரசொரன்னு இருக்கிறது, இதுல தான் அவ இப்ப கால் ஊன்றா. அதுவும் அந்தத் தம்பி கொசு உக்கார்ற மாதிரி தொடுறாரு. அப்படித் தொட்டா எனக்கே உடம்பு கூசும். அழுத்தித் தொட்டா அவ தாங்கிக்குவா. இதை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"ஆச்சரியமா இருக்கட்டும்னு..."

"ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு."

அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுல உப்பே இல்ல. கேக்குற தைரியம் எனக்கும் இல்ல.

மறுநாள் நானே கடைக்குப் போய்ப் புதுசா ஒரு நீளக் காம்பு மரக்கரண்டி வாங்கிட்டு வந்தேன். புது மஞ்சத் துண்டும். மொட்டு திரும்பவும் காம்பு நுனியில இருந்து ஆரம்பிச்சா. என் வீட்டுக்காரிக்கு அதுல வருத்தமே இல்ல. "ஒரு தடவை வந்த வழி தானே, அவளுக்கு ஞாபகம் இருக்கும்"னா. நானும் ரம்பமும் கையுமா சொன்ன நேரத்துல சொன்ன அளவு அறுத்துக் குடுத்தேன். வாயைத் திறக்கல. அவ சொன்ன மாதிரியே இந்தத் தடவை சீக்கிரமா மணலுக்கு வந்துட்டா. விரல் நுனி போய், முழு விரல் போய், ஒரு நாள் உள்ளங்கையை மணல் மேல தட்டி, "மிஸ், என் கை!"ன்னு அச்சைக் காட்டினா.

கொத்தனார் தான் மாறிட்டாரு. உள்ளே வர்றதே இல்ல. கேட்டுக்கு வெளியே கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிப்பாரு. என் வீட்டுக்காரி கேட்டுக்கே போய், "தம்பி, உங்க கையில ஒரு தப்பும் இல்ல. கிரீமைத் தூக்கிப் போடுங்க, வழக்கம் போல வேலையைப் பாருங்க"ன்னு சொல்லிப் பார்த்தா. "சரிக்கா"ம்பாரு. ஆனா நம்பின மாதிரி தெரியல. பொண்ணைப் பழையபடி சட்டைக் கையைப் பிடிச்சே கூட்டிட்டுப் போவாரு, முன்னை விட இறுக்கமா. பிரசவ நாள் வேற கிட்ட வந்துடுச்சு. அந்த மனுஷனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமா இருக்கும்.

அப்புறம் ஒரு மத்தியானம். நான் ஷிப்ட் முடிச்சு வந்து செருப்பைக் கழட்டுறேன், கேட்டைத் தள்ளிட்டு ஓடி வர்றாரு கொத்தனார். "அக்கா! அக்கா! வலி வந்துடுச்சாம்! பக்கத்து வீட்டுக்காரங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். நான் வர்ற வரைக்கும் பாப்பா இங்கே இருக்கட்டும் அக்கா!"

வேலை செஞ்ச இடத்துல இருந்து அப்படியே ஓடி வந்திருக்காரு. அன்னிக்கு உள் சுவருக்குப் பட்டி பார்க்கிற வேலை. சுவரு வழவழன்னு வர்றதுக்கு வெள்ளையா ஒரு கலவையை இழுப்பாங்களே, அது. முழங்கை வரைக்கும் வெள்ளையாக் காஞ்சு, ஓடு மாதிரி ஒட்டியிருக்கு.

"முதல்ல உக்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க. தண்ணி குடிச்சுட்டுப் போங்க"ன்னு அவரைப் பிடிச்சு ஒரு குட்டி நாற்காலியில தள்ளினா என் வீட்டுக்காரி. முட்டி காதைத் தொடுற மாதிரி உக்காந்து, கை ரெண்டையும் தொடை மேல மல்லாக்க வச்சுக்கிட்டு மூச்சு வாங்கினாரு. பக்கத்து நாற்காலியில மொட்டு. அவ மணலை விட்டுட்டு அந்தக் கையையே பார்த்தா.

"அப்பா, இது என்ன?"

"பட்டிம்மா. சுவத்துக்குப் பூசுறது."

"காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கும்மா."

அவ ஆள்காட்டி விரலை நீட்டினா. பட்டி ஓரமா லேசாக் கிளம்பியிருந்த இடத்துல நகத்தை விட்டா. ரெண்டு விரல் நுனியில பிடிச்சு இழுத்தா. ஒரு சில்லு அழகா உரிஞ்சு வந்துச்சு. அதைத் தூக்கிப் பிடிச்சு, "மிஸ்! டேப்பு மாதிரியே வருது!"ன்னா.

கொத்தனார் எழுந்திருக்கப் பார்த்தாரு.

"அசையாதீங்க"ன்னா என் வீட்டுக்காரி, குரலை உயர்த்தாம.

"அக்கா, ஆஸ்பத்திரி..."

"குழந்தை அதோட நேரத்துக்கு வரும். நீங்க அசையாதீங்க. கண்ணுல வாயில வைக்காம நான் பார்த்துக்கறேன்."

அந்தப் பொண்ணு ஒரு ஒரு விரலா உரிச்சா. சுண்டு விரல், மோதிர விரல்னு வந்து, உள்ளங்கைக்கு வந்தா. சில்லையெல்லாம் சின்ன வெள்ளை மூடியில போட்டு வச்சா. உரிச்ச இடத்துல கீழே அந்தப் பழைய கை. கிரீமெல்லாம் போய், காய்ப்பும் வெடிப்புமா திரும்பி வந்துட்ட கை. மொட்டு அதை விரலால தேய்ச்சுப் பார்த்தா. அப்புறம் தன் கையை முழுசா விரிச்சு, உள்ளங்கையோட உள்ளங்கை வச்சுத் தேய்ச்சா.

"மணல் மாதிரி இருக்குப்பா"ன்னா. இன்னொரு தடவை தேய்ச்சா. "நல்லா இருக்கு."

கொத்தனார் கண்ணுல இருந்து தாரை தாரையா ஊத்துது. துடைக்க முடியல. ஒரு கை மககிட்ட, இன்னொரு கை முழுக்கப் பட்டி. எனக்கும் தாங்கல. கையில கிடைச்சதை எடுத்து என் மூஞ்சியைத் துடைச்சேன்.

"தாத்தா! அது என் துண்டு!"

தாத்தாவாம். சாயம் பூசி என்ன பிரயோஜனம்?

கொத்தனார் மெதுவா எழுந்து, "அப்பா போய் அம்மாவைப் பார்த்துட்டு வந்துடறேன்"னாரு.

"நானும் வருவேன்."

அவரு என் வீட்டுக்காரியைப் பார்த்தாரு. "கூட்டிட்டுப் போங்க"ன்னு தலையாட்டினா. அவரு பழக்க தோஷத்துல பொண்ணோட சட்டைக் கையைப் பிடிக்கக் குனிஞ்சாரு. அவ அதை வெடுக்குன்னு உருவிக்கிட்டா. உருவின கையை அவரு உள்ளங்கைக்குள்ள வச்சா.

அந்த மனுஷனுக்கு அதை என்ன செய்யணும்னே தெரியல. உடைஞ்சுடுமோன்னு விரலை விரிச்சபடியே நிக்கிறாரு.

"அழுத்திப் பிடிங்க தம்பி"ன்னா என் வீட்டுக்காரி. சொல்லும்போது அவ குரலும் உடைஞ்சுடுச்சு. இத்தனை பிள்ளைங்களைப் பார்த்தவ, அன்னிக்குத் தான் பிள்ளைங்க முன்னாடி அழுது நான் பார்த்தேன்.

அவரு விரலை மூடினாரு.

நான் செருப்பு கூடப் போடாம அவங்களுக்கு முன்னாடி ஓடினேன். கிராஸிங்ல ரோட்டுக்கு நடுவுல போய் ரெண்டு கையையும் விரிச்சு நின்னேன். எங்க டிப்போ பஸ்ஸே தான் வந்துச்சு. ஓட்டிட்டு வந்தவன் என் கூட்டாளி. தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"ஏய்! ஷிப்ட் முடிஞ்சும் ரோட்டை விட மாட்டியாய்யா? என்ன ஆச்சு உனக்கு?"

"நில்லுய்யா! ஆள் தாண்டுதில்ல!"

"யாரு, மந்திரியா?"

"அப்பனும் பொண்ணும்யா. கையைப் பிடிச்சுக்கிட்டுப் போறாங்க. கண்ணு தெரியலையா உனக்கு?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அப்புறம் அவங்களைப் பார்த்தான். என்ன நினைச்சானோ, இன்ஜினை அணைச்சுட்டான். பின்னாடி ஹாரன் அடிச்சவங்களும் ஒண்ணொண்ணா ஓஞ்சாங்க.

மொட்டு நிதானமா வந்தா. ஒவ்வொரு வெள்ளைக் கோட்டு மேலயும் காலை வச்சு, அப்பாவையும் அதே மாதிரி வைக்கச் சொன்னா. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் கொத்தனார் திரும்பி என்னைப் பார்த்தாரு. கை காட்டணும்னு நினைச்சிருப்பாரு போல, பொண்ணு பிடிச்சிருந்த கை லேசா மேல எழுந்துச்சு. ஆனா அதை விட மனசு வராம, அவ கையோட சேர்த்தே தூக்கி எனக்கு ஆட்டினாரு.